அப்பாவுக்கு வந்த ஜன்னி மகனுக்கும் வந்தது, தங்கைக்கும் வருமா?

கேள்வி இதுதான். மூத்த மகனுக்கு 14 மாதத்தில் முதல் காய்ச்சல் வலிப்பு (பெரியவர்கள் சொல்லும் ஜன்னி) வந்தது, 2 வயதில் இன்னொன்று. இப்போது அவனுக்கு 3 வயது. கணவருக்கும் சிறு வயதில் அப்படி வந்திருக்கிறது என்று மாமியார் இப்போதுதான் சொல்கிறார். வீட்டில் 5 மாத மகள் இருக்கிறாள். அவளுக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா? 9 மாதத்தில் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியைத் தள்ளிப் போடலாமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல்தான், ஆனாலும் வராமல் போகவே வாய்ப்பு அதிகம். நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் மரபணுப் பரிசோதனை இப்போது தேவையில்லை. ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். அப்படிச் செய்வதால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது, காரணம் பின்னால் வருகிறது. பரிசோதனைக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்து, சரியான சொற்களில் விசாரித்து, குடும்பத்தின் வலிப்பு வரலாற்றை ஒரு தாளில் எழுதுங்கள். காசு செலவில்லாத மரபணுப் பரிசோதனை அதுதான். பல வீடுகளில் அது அரைகுறையாகவே நடக்கிறது.

எதைக் காய்ச்சல் வலிப்பு என்கிறோம்? 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு, மூளைக்காய்ச்சல் போன்ற நேரடி மூளைத் தொற்று இல்லாமலும், இதற்கு முன் காய்ச்சலில்லாத வலிப்பு வந்திராமலும் இருந்தால் அந்தப் பெயரைப் பெறும். 12 முதல் 18 மாதத்தில்தான் அதிகம் வருகிறது. உடல் முழுதும் வெட்டி, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மறுபடி வராவிட்டால் அது எளிய வகை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்ப வந்தாலோ அது சிக்கலான வகை. இந்தப் பிரிவினை பிறகு பல இடங்களில் தேவைப்படும்.

இனி மரபு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. ஜப்பானில் 7, 8 பேர். இந்த வேறுபாட்டிலேயே மரபின் கை தெரிகிறது. வலிப்பு வந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முதல் பத்தில் நால்வர் வரை, குடும்பத்தில் வேறு யாருக்கோ வந்த வரலாறு உடையவர்கள். இரட்டையர்களைப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது, ஆய்வுக்கு ஆய்வு மாறி, 35 முதல் 69 சதவீதம். தனித்தனிக் கருமுட்டையில் பிறந்தவர்களுக்கு 14 முதல் 20 சதவீதம்தான். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் 100 சதவீதம் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள். மரபு வாய்ப்பைத் தருகிறது. வயது, எந்த வைரஸ், காய்ச்சல் எவ்வளவு வேகமாக ஏறியது, உடலில் இரும்புச்சத்து எவ்வளவு என்பவையும் சேர்ந்துதான் அதை வலிப்பாக்குகின்றன.

அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம். பெற்றோரில் ஒருவருக்கும் வந்திருந்தால் அது மூன்றில் ஒன்று என்ற அளவை நெருங்குகிறது, சில கணக்குகளில் பாதியையும் தொடுகிறது. உங்கள் மகள் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறாள்.

பெரும்பாலான குடும்பங்களில் இது ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை. பல மரபணுக்களில் உள்ள சிறு சிறு மாறுபாடுகள் சேர்ந்து, காய்ச்சல் நேரத்தில் மூளையின் தாங்கும் எல்லையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுகின்றன. 2014-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மரபணுத் தொகுப்பில் காய்ச்சல் வலிப்போடு பொதுவாகத் தொடர்புடைய இடங்களில் எஸ்.சி.என்.1ஏ., எஸ்.சி.என்.2ஏ. என்ற சோடியம் சேனல் (நரம்பு செல்லுக்குள் சோடியத்தை விட்டு மின்சமிக்ஞையை உண்டாக்கும் கதவு) மரபணுக்கள் இருந்தன, ரத்தத்தில் மக்னீசியம் அளவோடு தொடர்புடைய ஓர் இடமும் இருந்தது. எம்.எம்.ஆர். (எம்.ஆர். ஊசியோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்ந்தது) ஊசிக்குப் பின் வந்த வலிப்போடு மட்டும் தொடர்புடைய இரண்டு இடங்கள் தனியே கிடைத்தன. அவற்றில் ஒன்றான சி.டி.46, தடுப்பூசியில் உள்ள தட்டம்மை வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல். 2022-இல் வந்த இன்னும் பெரிய ஆய்வு, காய்ச்சலை ஏற்றி இறக்கும் மரபணுக்களையும் பட்டியலில் சேர்த்தது. ஆக, சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும் விதமே மரபில் வருகிறது, சிலருக்கு அந்தச் சூட்டை நரம்பு செல்கள் தாங்கும் விதம் மரபில் வருகிறது. இந்த மாறுபாடுகள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் மிகச் சிறியவை. அதனால்தான் சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு 'ஜீன் டெஸ்ட்' எடுத்தால் பயனுள்ள பதில் எதுவும் வருவதில்லை.

சூடு ஏன் நரம்பைத் தொந்தரவு செய்கிறது என்பதற்கு ஒரு மரபணுவைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். மூளையில் தூண்டும் செல்களும் உண்டு, அவற்றை அடக்கும் செல்களும் உண்டு. அடக்கும் செல்களை பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.சி.என்.1ஏ. மரபணு தயாரிக்கும் சோடியம் சேனல் முக்கியமாக இந்த பிரேக் செல்களில்தான் வேலை செய்கிறது. அது பழுதானால் வண்டியின் இன்ஜினில் குறை இருக்காது, பிரேக் பிடிக்காது. காய்ச்சலில் எல்லா செல்களும் வேகமாகத் துடிக்கும்போது அந்தக் குறை வெளியே தெரிகிறது. ஜி.ஏ.பி.ஆர்.ஜி.2 என்ற இன்னொரு மரபணு, அடக்கும் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் ஒரு பகுதியை உண்டாக்குகிறது. அதில் சில பிறழ்வுகள் இருந்தால், சூடு ஏறும்போது அந்த ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பில் குறைந்துபோகின்றன என்று சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். உடல் சூடு தணிந்தபின் குழந்தை பழையபடி விளையாடுவது ஏன் என்பது இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

அடுத்து, பல பெற்றோர்கள் குழப்பிக்கொள்ளும் இடம். 'குடும்பத்தில் வலிப்பு உண்டு' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. குடும்பத்தில் காய்ச்சல் வலிப்பு இருந்தால் குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு வருவதும் திரும்ப வருவதும் கூடும். பிற்காலத்தில் கால்-கை வலிப்பு நோய் வருவதை அது அவ்வளவாகக் கூட்டுவதில்லை. குடும்பத்தில் காய்ச்சலில்லாத வலிப்பு நோய் இருந்தால்தான் குழந்தைக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் கணவருக்கு 4 வயதோடு நின்றுபோன ஜன்னி என்றால் அது முதல் வகை. மாமாவுக்கு 20 வயதில் தூக்கத்தில் வலிப்பு வந்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அது இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே பையில் போட்டு, 'பையனுக்குக் காக்கா வலிப்பு வந்துவிடுமோ' என்று வருடக்கணக்கில் தூக்கம் கெட்டவர்கள் நிறையப் பேர்.

எண்ணாகச் சொன்னால், எளிய காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வருவது 1 முதல் 2 சதவீதம். பொதுவாக எல்லோருக்குமே அது 0.5 முதல் 1 சதவீதம் இருக்கிறது. சிக்கலான வகை, முன்பே வளர்ச்சியில் பின்னடைவு, நெருங்கிய உறவில் வலிப்பு நோய் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் சேர்ந்தால் 6 முதல் 10 சதவீதம் வரை போகலாம். எளிய வகை வலிப்பு அறிவைக் குறைப்பதில்லை. வலிப்பு வந்த குழந்தைகளையும் வராத அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில் அறிவுத்திறன் மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியவில்லை.

திரும்ப வருவதற்கு நான்கு குறிகள் சொல்வார்கள். முதல் வலிப்பு 18 மாதத்துக்கு முன் வந்தது, பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குக் காய்ச்சல் வலிப்பு, குறைந்த காய்ச்சலிலேயே வலிப்பு, காய்ச்சல் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வலிப்பு. நான்கும் இல்லாத குழந்தைக்குத் திரும்ப வருவது 14 சதவீதம் அளவில், நான்கும் இருந்தால் 70 சதவீதத்துக்கு மேல். உங்கள் மகனுக்கு முதல் இரண்டும் இருந்தன, இரண்டாவது தடவை வந்ததில் ஆச்சரியம் இல்லை. திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் வலிப்புக்குப் பின்னான ஓர் ஆண்டுக்குள் வந்துவிடும். அவனுக்கு இப்போது 3 வயது, ஆபத்து மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். 'உங்க வீட்டுல யாருக்காவது வலிப்பு உண்டா?' என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் 'அதெல்லாம் இல்லைம்மா' என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களைப் பொறுத்தவரை வலிப்பு வேறு, ஜன்னி வேறு. அதோடு, கல்யாணப் பேச்சில் வலிப்பு என்ற சொல்லுக்கு இருக்கும் கறை இன்னும் போகவில்லை. ஆகவே அவர்களுடைய சொற்களில் கேளுங்கள். 'சின்ன வயசுல காய்ச்சல்ல ஜன்னி கண்டுச்சா? கண்ணு மேல சொருகிச்சா? பல்லு கிட்டிச்சா? கையில சாவி, இரும்பு குடுத்தாங்களா? அதுக்காகச் சூடு போட்ட தழும்பு இருக்கா?' இப்படிக் கேட்டால் பாட்டி உடனே, 'ஆமா, இவன் அப்பனுக்கு ரெண்டு வயசுல, மாரியம்மன் கொடை சமயம்' என்று ஆண்டு, மாதத்தோடு சொல்வார். 'உங்கள் வழியா, எங்கள் வழியா' என்ற பேச்சாக அது திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாறுபாடுகளைச் சுமக்காத குடும்பமே இல்லை. குற்றம் சாட்டப்படுவோம் என்று பயந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், நஷ்டம் குழந்தைக்கு.

ஒரு நோட்டுத் தாளில் மூன்று தலைமுறை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாத்தா பாட்டிகள் நால்வர் மேலே, அவர்களின் எல்லாப் பிள்ளைகளும் நடுவில், உங்கள் குழந்தைகளும் அவர்களின் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி பிள்ளைகளும் கீழே. வலிப்பு வந்தவரின் சதுரத்தையோ வட்டத்தையோ நிரப்பி, பக்கத்தில் ஐந்து விவரம் எழுதுங்கள்: முதலில் வந்தபோது என்ன வயது, காய்ச்சலோடா காய்ச்சல் இல்லாமலா, எத்தனை நிமிடம், ஒரு பக்கமா முழு உடலா, கடைசியாக வந்தது எந்த வயதில். சிறு வயதில் இறந்துபோன குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். காரணம் தெரியாமல் காய்ச்சலில் இறந்த ஒரு குழந்தை, மருத்துவருக்கு முக்கியமான துப்பு. உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் கணவன் மனைவிக்கு நடுவே இரட்டைக் கோடு போடுங்கள்.

அந்த இரட்டைக் கோட்டைப் பற்றி. நம் ஊரில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் திருமணங்கள் உண்டு என்பதால் 'சொந்தத்தில் கட்டியதால்தான் வந்ததா?' என்ற கேள்வி எழும். சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு அதை நேர்க் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரே கொள்ளுத்தாத்தாவிடமிருந்து வந்த மாறுபாடுகள் இரண்டு பக்கமும் சேர்ந்து வாய்ப்பைக் கூட்டலாம், அவ்வளவுதான். ஆனால் இன்னொரு விஷயத்தில் உறவுத் திருமணம் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால் மட்டும் வெளிப்படும் வளர்சிதை மாற்ற நோய்கள் சில, காய்ச்சல், பட்டினி நேரத்தில்தான் தலைகாட்டும். காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தை பிறகும் தெளியாமல் மயங்கியே கிடக்கிறது, விடாமல் வாந்தி எடுக்கிறது, முன்பு செய்த வேலைகளை மறந்துவிட்டது, முந்தைய குழந்தை ஒன்று இதேபோல் இறந்திருக்கிறது என்றால், அதைக் காய்ச்சல் வலிப்பு என்று முடித்துவிடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை, அமோனியா, லாக்டேட் உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

ஒற்றை மரபணு காரணமாகும் குடும்பங்களும் உண்டு, குறைவுதான். அவற்றில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆஸ்திரேலியாவின் இங்ரிட் ஷெஃபரும் சாமுவேல் பெர்கோவிச்சும் 1997-இல் விவரித்த குடும்ப வகை. அதன் சுருக்கப் பெயர் ஜெஃப்ஸ் பிளஸ். ஒரே குடும்பத்தில் தாத்தாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு, அத்தைக்கு 6 வயது தாண்டியும் 10, 11 வயது வரை காய்ச்சலில் வலிப்பு, அவள் தம்பிக்குக் காய்ச்சலில்லாத வலிப்பு, பேரனுக்கு இன்னும் கடுமையான வகை என்று ஒரே பிறழ்வு ஆளுக்கு ஆள் வேறு முகம் காட்டும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குழந்தைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் சுமக்கும் எல்லோருக்கும் வெளிப்படாது. 1998-இல் எஸ்.சி.என்.1பி., 2000-இல் எஸ்.சி.என்.1ஏ. ஆகிய மரபணுக்கள் இத்தகைய குடும்பங்களில்தான் பிடிபட்டன. நீங்கள் வரைந்த தாளில் தலைமுறைக்குத் தலைமுறை நிரப்பிய சதுரங்களும் வட்டங்களும் வரிசையாக வந்து, சிலருக்கு 6 வயதுக்குப் பிறகும் தொடர்ந்திருந்தால், மரபணு ஆலோசனை கேட்கத் தகுந்த குடும்பம் அது.

இரண்டாவது டிராவே நோய்க்குறி. 1978-இல் பிரான்சின் ஷார்லோட் டிராவே விவரித்தது. இதைத் தவறவிடுவதால் வரும் கேடு பெரிது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குழந்தை பிறந்து சில மாதங்கள் வளர்ச்சியெல்லாம் சரியாக இருக்கும். ஒரு வயதுக்குள், அநேகமாக 5 முதல் 8 மாதத்தில், லேசான காய்ச்சலிலேயே நீண்ட வலிப்பு வரும். ஒரு தடவை வலப்பக்கம், அடுத்த தடவை இடப்பக்கம் என்று பாதி உடம்பு இழுக்கும். தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது, ஊசி போட்ட அன்று, வெயிலில் அலைந்தபோது என்று உடல் சூடு ஏறினாலே வரும். 7 மாதத்திலோ அதற்கு முன்போ முதல் வலிப்பு, ஒரு வயதுக்குள் 5 தடவை அல்லது மேல், 10 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, பாதி உடம்பு இழுப்பது, வெந்நீரில் வருவது ஆகியவற்றை ஜப்பானிய மருத்துவர்கள் எச்சரிக்கைக் குறிகளாகத் தொகுத்திருக்கிறார்கள். இந்த நோயுள்ளவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் எஸ்.சி.என்.1ஏ.-வில் பிறழ்வு இருக்கிறது. பெரும்பாலும் அது பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையில் புதிதாக உண்டானது. ஆகவே 'குடும்பத்தில் யாருக்கும் இல்லையே' என்பது இங்கே ஆறுதல் தரும் பதில் ஆகாது. பெற்றோரின் ரத்தத்தில் காணாவிட்டாலும் சிலருடைய கருமுட்டையிலோ விந்திலோ ஒரு பகுதியில் அது ஒளிந்திருக்கலாம், அடுத்த கருவுக்கு முன் ஆலோசனை அவசியம்.

பெயர் தெரிந்தால் சிகிச்சை மாறுகிறது. மேலே சொன்ன பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கார்பமஸெபின், ஆக்ஸ்கார்பஸெபின், லாமோட்ரிஜின், ஃபெனிடாயின் ஆகியவை சோடியம் சேனலை மேலும் அடக்கும் மருந்துகள். மற்ற பல வலிப்புகளுக்கு நல்லவை. டிராவே குழந்தைக்கு இவை ஏற்கெனவே பிடிக்காத பிரேக்கை இன்னும் தளர்த்தி வலிப்பைக் கூட்டிவிடலாம்.

(வெந்நீர் என்றதும் ஒன்று: கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தெரிந்த 'வெந்நீர் வலிப்பு' வேறு நோய். தலையில் சூடான தண்ணீரை ஊற்றும்போது மட்டும் வருவது, அநேகமாகக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும். அதுவும் சில குடும்பங்களில் மரபாக வருகிறது. கைக்குழந்தைக்கு வெந்நீரில் வலிப்பு வந்தால் அது வெந்நீர் வலிப்பு என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.)

மூன்றாவது, பி.சி.டி.எச்.19 என்ற எக்ஸ் குரோமோசோம் மரபணு. இதன் வழக்கம் தலைகீழானது. பிறழ்வு உள்ள பெண் குழந்தைகளுக்கு நோய் வரும், சுமக்கும் ஆண்கள் பெரும்பாலும் வலிப்பே இல்லாமல் இருப்பார்கள். காய்ச்சல் நேரத்தில் ஒரே நாளில் பல குறுகிய வலிப்புகள் கொத்துக் கொத்தாக வருவது இதன் அடையாளம். தாத்தா நலமாக இருக்க, அவர் மகளுக்கும் பேத்திக்கும் மட்டும் வருவது போன்ற வரைபடம் வந்தால் இதை நினைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட அறிகுறி இருந்தால்தான் மரபணுப் பரிசோதனை. குழந்தையிடம் 2 மி.லி. அளவு ரத்தம் போதும். 'வலிப்பு மரபணுத் தொகுப்பு' அல்லது 'எக்ஸோம்' (எல்லா மரபணுக்களின் முக்கியப் பகுதிகளையும் படிப்பது) என்று எழுதித் தருவார்கள். செலவு பத்தாயிரங்களில் போகும், பதிலுக்குச் சில வாரங்கள் ஆகும். டிராவே என்று வலுவான சந்தேகம் இருந்தும் ஒன்றும் வராவிட்டால், மரபணுவின் ஒரு துண்டே விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்.எல்.பி.ஏ. சோதனையையும் கேளுங்கள். அறிக்கையில் 'பொருள் தெரியாத மாறுபாடு' என்று வந்தால் பதற வேண்டாம். அது நோய் என்று அர்த்தமில்லை, நோயில்லை என்றும் அர்த்தமில்லை. பெற்றோர் இருவரின் மாதிரியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பல நேரம் தெளிவாகும். உங்கள் மகன் போல எளிய வகையில் வந்து நின்றுவிட்ட குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை, இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு), ஸ்கேன் மூன்றும் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. பார்க்க வேண்டியது ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். இரும்புச்சத்துக் குறைவுக்கும் காய்ச்சல் வலிப்புக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மரபை மாற்ற முடியாது, இரும்பை ஏற்ற முடியும்.

தடுப்பூசி விஷயம். 9 மாத எம்.ஆர். ஊசியால் காய்ச்சல் வந்தால், போட்ட அன்று வராது. வைரஸ் உடலில் பெருகி, 7 முதல் 12 நாளில்தான் வரும். கக்குவான் இருமல் உள்ளிட்ட நோய்களுக்குப் போடும் டி.பி.டி. அல்லது பென்டாவேலன்ட் ஊசிக் காய்ச்சல் அன்றோ மறுநாளோ வரும். எம்.எம்.ஆர். ஊசியால் கூடுதலாக வலிப்பு வருவது சுமார் 3,000 முதல் 4,000 டோஸுக்கு ஒன்று. உண்மையான தட்டம்மை வந்தால் வரும் காய்ச்சலும் மூளை பாதிப்பும் இதோடு ஒப்பிட முடியாதவை. முக்கியமான இன்னொன்று: அமெரிக்க ஆய்வுகளில், முதல் தட்டம்மை ஊசியை 15 மாதத்துக்குப் பிறகு தள்ளிப் போட்ட குழந்தைகளுக்கு ஊசிக்குப் பின் வலிப்பு கூடுதலாகவே இருந்தது. 16, 18 மாதம் என்பது வலிப்பு உச்சத்தில் இருக்கும் வயது. தள்ளிப் போடுகிறவர்கள் குழந்தையை நேராக அந்த வயதுக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். 2006-இல் பெர்கோவிச் குழுவினர், 'தடுப்பூசியால் மூளை கெட்டது' என்று கருதப்பட்ட 14 பேரைப் பரிசோதித்தபோது 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ. பிறழ்வு இருந்தது. ஊசி அவர்களுக்கு முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம், நோயை மரபணு கொடுத்திருக்கிறது. 16 முதல் 24 மாதத்தில் வரும் டி.பி.டி. பூஸ்டருக்கு, காய்ச்சல் குறைவாகத் தரும் வகை தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும், வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்கலாம். ஊசியே வேண்டாம் என்று விடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால்? பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வரை, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவசியமானால் 4 மணி இடைவெளியில் தரலாம், ஆனால் ஒரு நாளில் கிலோவுக்கு 60 மி.கி. தாண்டக் கூடாது. மகள் 8 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 120 மி.கி. கடையில் மூன்று செறிவு கிடைக்கிறது. 5 மி.லி.-க்கு 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 5 மி.லி. 5 மி.லி.-க்கு 250 உள்ளதில் 2.4 மி.லி. ஒரு மி.லி.-க்கு 100 உள்ள டிராப்ஸில் 1.2 மி.லி. மட்டும். பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் டிராப்ஸை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி., நான்கு மடங்கு. பாட்டிலின் மேல் மார்க்கர் பேனாவால் 'மகளுக்கு இவ்வளவு, மகனுக்கு இவ்வளவு' என்று எழுதிவிடுங்கள். நேர்மையாக ஒன்று: காய்ச்சல் மருந்து குழந்தைக்கு வலியையும் சோர்வையும் குறைக்கும், ஆனால் அடுத்த காய்ச்சலில் வலிப்பைத் தடுக்காது என்று ஃபின்லாந்தில் ஒழுங்காகச் செய்த ஆய்வே சொல்கிறது. ஒரே காய்ச்சலுக்குள் இரண்டாவது வலிப்பைக் குறைப்பதாக ஒரு ஜப்பானிய ஆய்வு உண்டு. எனவே கொடுங்கள், ஆனால் 'நான் அரை மணி தாமதமாகக் கொடுத்ததால்தான் வந்தது' என்று எந்தத் தாயும் தன்னை வதைத்துக்கொள்ள வேண்டாம். பல குழந்தைகளுக்கு வலிப்பு வந்த பிறகுதான் காய்ச்சல் இருப்பதே தெரிகிறது.

சளி மருந்துகளில் கவனம் வேண்டும். தூக்கம் வரவைக்கும் குளோர்ஃபெனிரமின் போன்றவை காய்ச்சல் வலிப்பு உள்ள குழந்தைக்கு நல்லதல்ல, வலிப்பு நீளலாம் என்று ஜப்பானிய வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2023-இல் அறிவித்திருக்கிறது. பழைய சீட்டை வைத்து மறுபடி வாங்காதீர்கள்.

வலிப்பு வந்தால் முதலில் மணி பாருங்கள். குழந்தையைத் தரையிலோ அகலமான கட்டிலிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கையில் இரும்பு கொடுப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் சாவியைத் தேடி ஓடும் நேரத்தில் குழந்தை மல்லாந்து கிடப்பதுதான் கெடுதல். இன்னொருவர் கைபேசியில் 30 வினாடி வீடியோ எடுக்கட்டும். ஒரு பக்கம் இழுக்கிறதா, கண் எந்தப் பக்கம் போகிறது என்பது மருத்துவருக்கு அதில்தான் தெரியும். பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் நின்றுவிடும். 5 நிமிடம் ஆகியும் நிற்கவில்லையென்றால் 108-ஐ அழைத்து, மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்த, வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்பிரேயை அடியுங்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. மகன் 13 கிலோ என்றால் 2.6 மி.கி. ஒரு அடிக்கு 0.5 மி.கி. தரும் பாட்டிலில் அது 5 அடி, 1.25 மி.கி. தரும் பாட்டிலில் 2 அடிதான். பெயரும் நிறமும் ஒன்றுபோலிருந்து செறிவு மாறும் என்பதால், எத்தனை அடி என்பதை மருத்துவர் முன்னிலையில் அந்தப் பாட்டிலிலேயே எழுதி வாங்குங்கள். புதுப் பாட்டிலை முதலில் காற்றில் சில தடவை அழுத்தித் தயார் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முதல் அடிகள் வெறும் காற்றாகப் போகும். காலாவதித் தேதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். எடை கூடக் கூட அளவும் மாறும்.

முதல் வலிப்பு எதுவானாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 6 மாத வயதுக்கு முன் வந்தால், நின்ற பிறகு ஒரு மணி நேரமாகியும் தெளியாவிட்டால், உச்சிக்குழி புடைத்தால், கழுத்து விறைத்தால், உடம்பில் அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள் இருந்தால், குடும்ப வரலாறு எவ்வளவு பலமாக இருந்தாலும் 'எங்கள் குடும்பத்தில் இது வழக்கம்' என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஜன்னி ஓடும் குடும்பத்துக் குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல் வரும்.

உங்கள் மகளுக்கு ஐந்தே மாதம். இந்த மாதமே வரைபடத்தை முடித்து, அவளுடைய அடுத்த ஊசிக்குப் போகும்போது குழந்தைகள் மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஸ்பிரே உங்கள் மகன் பெயரில் இல்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள். 9 மாத ஊசி போட்ட நாளை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து 7-ஆம் நாள் முதல் 12-ஆம் நாள் வரை வட்டம் போட்டுவையுங்கள். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வேண்டாம், தெர்மாமீட்டரும் அளவு எழுதிய பாட்டிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாமியாருக்கும் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி என்று ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.